நல்ல நேரத்தில் குறைந்த சதவீதம்

புதிதாகப் பப் எடுத்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, சாவி கைக்கு வந்த கையோடு நீங்கள் எதற்கெல்லாம் பயப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பீப்பாயை எப்படித் திறப்பது, குழாயை எப்படிக் கழுவுவது, தீயணைப்புக் கதவுக்கு முன்னால் கதிரை போட்டால் யார் வந்து ஏசுவார்கள் என்பதெல்லாம். அவற்றை ஒரு பயிற்சி வைத்துச் சொல்லித் தருவார்கள்; மத்தியானச் சாப்பாடும் தருவார்கள். நான் சொல்ல வந்தது அந்தப் பயிற்சியில் இல்லாதது. ஒரு மனிதர் உங்கள் பியரைக் குறைசொல்லும்போது அவர் உண்மையில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கண்டுபிடிப்பது எப்படி? எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு கல்யாணவீடும் ஒரு பஞ்சாங்கமும் தேவைப்பட்டன.

நானும் என் மனைவி சரோவும் தெற்கு லண்டனில் மோர்டனுக்கும் சட்டனுக்கும் நடுவில் பப் நடத்தினோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவன். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து, பிறகு ஒரு கடை வைத்து, கடைசியில் பப்பில் வந்து நின்றேன். "கோயில் கட்டுவான் எண்டு பார்த்தம், பார் திறந்திருக்கிறான்" என்று சொன்ன அதே சொந்தக்காரர்கள்தான் பிறகு பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மாடி அறை கேட்டு வரிசையில் நின்றார்கள். நான் பியரை ருசி பார்ப்பேன், குடிக்கமாட்டேன். சரோ ருசியும் பார்க்கமாட்டாள். மணந்து பார்த்தே பழுதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். தோசைமா புளித்துவிட்டதா என்று பார்த்துப் பழகிய மூக்கு அது. அந்த மூக்கை நம்பித்தான் எங்கள் பப் ஓடியது.

இனி ரொனைப் பற்றிச் சொல்லவேண்டும். இளைப்பாறிய பஸ் சாரதி. சுவர்ப்பலகையில் சிற்றம்பு எறியும் எங்கள் டார்ட்ஸ் அணியின் தலைவர். கவுண்டரின் இடது மூலையில் அவருக்கென்று ஓர் உயரக் கதிரை. அதில் வேறு யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து நின்று மூச்சு விடுவார், வேறொன்றும் செய்யமாட்டார், இருந்தவர் எழும்பிவிடுவார். அவர் பேசுவது ஆங்கிலம். ஆனால் முறைப்பாடு வைக்கும் சுருதி இருக்கிறதே, அது எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் மைக்கை விடமாட்டாத பெரியவர்களுடைய அதே சுருதி. அதனால் அவர் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அவர் மறுக்கப்போவதில்லை, மறுத்தாலும் எனக்கு விளங்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ரொனின் குடும்பத்தில் வீடோ நிலமோ தலைமுறை தாண்டி வரவில்லை. பியரைப் பற்றிய முறைப்பாடு மட்டும் தகப்பன் வழியில் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

"ஐசே, என்ரை பூட்டன்ரை காலத்தில மைல்ட் எண்டா என்ன தெரியுமோ?" என்று தொடங்குவார். "கனகாலம் வைச்சுப் பழசாக்காத புதுப் பியர். அவ்வளவுதான் கருத்து. மெல்லிசு எண்டு இல்லை. ரெண்டு குடிச்சா வண்டிக் குதிரையும் படுத்திடும். பிறகு முதலாம் யுத்தம் வந்தது. தானியம் இல்லை, வரி கூட, பியரைத் தண்ணியாக்குங்கோ எண்டு அரசாங்கமே சொன்னது. என்ரை பாட்டா யுத்தத்தால திரும்பி வரேக்க மைல்ட் இளைச்சுப்போய் நிண்டது. அவர் ஜேர்மன்காரனை மன்னிச்சவர். மைல்ட்டை மன்னிக்கேல்லை."

யுத்தத்தால் இளைத்தவற்றைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் என்பதால் அந்த இடத்தில் நான் எப்போதும் தலையாட்டுவேன்.

"ஸ்டவுட்டை எடும்," என்பார் அடுத்ததாக. "லண்டன் தெருவில மூட்டை தூக்கினவங்கள் குடிச்சது போர்ட்டர். அதுக்குள்ள பலமானதைத்தான் ஸ்டவுட் எண்டு சொன்னவை. பிறகு என்ன நடந்தது? மெலிய விட்டு, இனிப்பாக்கி, பிள்ளை பெத்த பொம்பிளையளுக்கு நல்லது எண்டு வித்தாங்கள். மூட்டை தூக்கினவன்ரை பியர் பத்தியச் சாப்பாடாப் போச்சுது!"

இந்தக் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் கார்த்திக். சென்னையிலிருந்து வந்த ஐ.டி. பொறியாளர், முப்பத்தைந்து வயதிருக்கும், எங்கள் டார்ட்ஸ் அணியில் பலகையைப் பார்த்து எறியக்கூடிய ஒரே ஆள். எங்களுக்கு ஆள் இல்லாத நாட்களில் கவுண்டருக்குப் பின்னாலும் வந்து நிற்பார். ரொன், இந்தியாவின் பெயரைச் சுமக்கும் ஐ.பி.ஏ. பியரைத் தொட்டதும் இவருக்கு உசார் வந்துவிடும்.

"கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பினீங்களா? எங்க தாத்தா மெட்ராஸ் துறைமுகத்துலதான் வேலை பார்த்தாரு. ஒரு பாட்டில்கூட வீட்டுக்கு வரலையே?"

"அது உம்மடை தாத்தாவுக்கும் தாத்தா காலத்துக் கதை," என்பார் ரொன். "நல்ல காலம் வரேல்லை. வந்திருந்தா அந்தாள் எங்களைத் திரும்பிப் போக விட்டிருக்கமாட்டார். அந்த ஐ.பி.ஏ.க்கு நடந்த கொடுமையைக் கேளும். என்ரை அப்பா குடிச்ச காலத்தில அது நான் குடிக்கிற இந்தப் பிட்டரிலும் பார்க்க மெல்லிசு. இப்ப பாரும், அதே பேரில மாம்பழ மணத்தோட கலங்கலா ஒண்டு வருது. அரைக் கிளாசுக்கு மேல தரமாட்டாங்களாம், அவ்வளவு பலமாம்!"

சுருக்கமாகச் சொன்னால், இந்த ஊரில் பியரின் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். யுத்தம் வந்தால் இறங்கும், வரி வந்தால் இறங்கும், இளைஞர்கள் தாடி வளர்த்தால் ஏறும். இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த ரொனிடம்தான், அவர் தினமும் குடிக்கும் எங்கள் பிட்டரின் பலம் குறையப்போகிறது என்று நான் சொல்லவேண்டி வந்தது.

விஷயம் இதுதான். மதுசாரம் மூன்றரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வரி குறைவு என்று அரசாங்கம் கோட்டை மாற்றிப் போட்டதும், பல பியர்கள் குனிந்து அந்தக் கோட்டுக்குக் கீழே நுழைந்துவிட்டன. எங்களுக்குப் பிட்டர் தந்துகொண்டிருந்த நிறுவனமும் நாலு புள்ளி ஒன்றை மூன்று புள்ளி நாலாக இறக்க முடிவுசெய்தது. அவர்களுடைய ஆள் வந்து, ருசி அப்படியேதான் இருக்கும் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது என் கவுண்டர்.

புதுப் பியர் அடுத்த செவ்வாய்க்கிழமை வரும் என்று சொல்லி, பம்ப் கைப்பிடியில் மாட்டும் புதுப் பலகையை மட்டும் தந்துவிட்டுப் போனார். பியரின் பெயரும் சதவீதமும் எழுதிய உள்ளங்கையளவு பலகை அது. பலகையில் உள்ளதும் கிளாசில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும்; இல்லையென்றால் பரிசோதிக்கும் கவுன்சில்காரர் வந்து நிற்பார்கள். இவ்வளவும் தெரிந்த நான் அந்தப் பலகையைச் சரோவின் கையில் கொடுத்துவிட்டு, எப்போது மாட்டவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் லண்டனின் மற்றக் கோடியிலுள்ள கிங்ஸ்பரிக்குப் போய்விட்டேன். அக்காவின் மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். தாய்மாமன் இல்லாமல் எங்கள் கல்யாணங்களில் ஒரு தேங்காய்கூட உடையாது.

வெள்ளிக்கிழமை அங்கே தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போது கார்த்திக்கின் அழைப்பு வந்தது.

"அங்கிள், புதுப் பலகை ஏறியாச்சு. ரான் ஒரு வாய் குடிச்சுட்டு கிளாஸைத் தூக்கி லைட்டுல பிடிச்சுப் பாக்கிறாரு. எக்ஸ்ரே பாக்கிற மாதிரி."

லொறி முந்தி வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அப்படி வருவதுண்டு. பெருமூச்சு விட்டுவிட்டு பொன்னுருக்கைப் பார்க்கத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பட்டுவேட்டியோடு மணவறைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மடிக்குள் செருகியிருந்த போன் அதிர்ந்தது. இந்த முறை ரொனே பேசினார்.

"ஐசே, இது பியரோ, பாத்திரம் கழுவின தண்ணியோ?"

அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் முழங்கியது.

"என்ன சத்தம் அது?"

"கல்யாணம், ரொன் அண்ணை."

"ஆருக்கு?"

"என்ரை மருமகளுக்கு. அக்காவின்ரை மகள்."

"அப்பிடியோ. பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லும். ஆனா இது தண்ணி."

பிறகு தீர்ப்பை வாசித்தார். வியாழக்கிழமை முதல் டார்ட்ஸ் அணி தெருமுனையில் இருக்கும் மற்றப் பப்புக்குப் போகிறது. அட்சதை என் கையிலிருந்து என் காலிலேயே விழுந்தது. டார்ட்ஸ் அணி என்றால் ஆறு கிழவர்கள் என்று நினைக்காதீர்கள். வியாழக்கிழமைக் கூட்டமே அவர்களால்தான். செவ்வாய்க்கிழமை எங்கள் பப்பைச் சொந்தமாக வைத்திருக்கும் கம்பனியின் ஏரியா மனேஜர் வருவதாக இருந்தது, என் குத்தகையைப் புதுப்பிப்பதா இல்லையா என்று பார்க்க. ஆளில்லாத பப்பை அவர்கள் அடுக்குமாடி வீடாக்கிவிடுவார்கள்.

கல்யாணத்துக்கு வந்திருந்த சரோவைப் பிடித்து, "பிட்டர் எப்பிடிப் போகுது?" என்று கேட்டேன்.

"அந்தமாதிரிப் போகுது," என்றாள், வடைக்குச் சம்பல் எடுத்தபடி. "பலம் குறைவு தானே எண்டு ஆளாளுக்கு ஒண்டு கூடக் குடிக்கினம். நானும் குடியுங்கோ எண்டு ஊத்திறன்."

இதைக் கேட்டவுடனேயே எனக்கு விஷயம் ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. கல்யாணவீட்டில் தாய்மாமனின் மூளை வேலை செய்வதில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் திரும்பி வந்தேன். நான் இல்லாத நாட்களில் நடந்ததைக் கார்த்திக் சொன்னார். சனிக்கிழமை ரொன் எறிந்த டார்ட், பலகைக்குப் பக்கத்துச் சுவரில்கூட இல்லை, கவுண்டருக்குப் பின்னால் தொங்கிய உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற்றில் போய்க் குத்தி நின்றதாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டுக் கதவைத் தன் சாவியால் வெகுநேரம் திறந்துகொண்டிருந்தாராம். அந்த வீட்டுக்காரி உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாளாம். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த நேரம் ரொன் தன் மூலையிலிருந்து என்னைக் கண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி, "வந்திட்டார் தண்ணி வியாபாரி!" என்றார். பிறகு, இன்னும் ஏசப்போகிறவர் போல என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பின்பக்கத்துக் குப்பைத்தொட்டிகளடிக்குக் கூட்டிப்போனார். அங்கே போனதும் குரல் இறங்கிவிட்டது.

"ஐசே, ஒண்டு சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"சொல்லுங்கோ, அண்ணை."

"இந்தத் தண்ணியைக் குடிச்சே எனக்குக் கால் நிக்குதில்லை. நாலு புள்ளி ஒண்டு குடிச்சிட்டு நேரா நடந்து போன ஆள் நான். இப்ப மூண்டு புள்ளி நாலுக்குத் தலை சுத்துது. கை குறி தவறுது. என்ரை வீடு எதெண்டு எனக்குத் தெரியேல்லை." குப்பைத்தொட்டியின் மூடியைச் சரிசெய்தார். "அப்பாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. முதல்ல கால். கடைசியில என்ரை பேரையே மறந்திட்டார். புதன்கிழமை டொக்டரிட்டை நேரம் எடுத்திருக்கிறன்."

"அப்ப டார்ட்ஸ் டீம்?"

"அது பியருக்காண்டி இல்லையப்பா. அவங்களை அங்க அனுப்பிப்போட்டு நான் விலகியிடுவன். இஞ்ச எல்லாருக்கும் முன்னால குறி தவறிக்கொண்டு நிக்க என்னால ஏலாது. பியரைக் குறை சொன்னா ஆரும் வேற காரணம் கேக்கமாட்டினம்."

இவ்வளவு நாளும் நான் என் குத்தகையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இந்த மனிதர் தன் கால்களை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். சற்று முன்புதான் அதைச் சொல்லிச் சிரித்திருந்தேன். பீப்பாயைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு நிலவறைக்குள் இறங்கினேன்.

இறங்கிப் பார்த்தால், பம்போடு பூட்டியிருந்தது பழைய பீப்பாய். பக்கத்தில் காத்திருந்ததும் பழைய பீப்பாய். ஒவ்வொன்றிலும் நாலு புள்ளி ஒன்று என்று ஒட்டியிருந்தது. புதுப் பியர் ஒரு துளிகூட இன்னும் வரவில்லை. லொறி முந்தி வரவுமில்லை, பிந்தி வரவுமில்லை. சொன்னபடி நாளைக்குத்தான் வரப்போகிறது. ரொன் வெள்ளிக்கிழமையிலிருந்து தண்ணி தண்ணி என்று ஏசி ஏசிக் குடித்ததெல்லாம் அவர் எப்போதும் குடிக்கும் அதே பியர். பலம் குறைவென்று நம்பிக் கூடுதலாகக் குடித்திருக்கிறார். கால் எப்படி நிற்கும்?

நிலவறைப் படியில் நின்று சரோவைக் கூப்பிட்டேன்.

"இஞ்சாரும், பியர் வரமுதல் ஏனப்பா பலகையை மாட்டினீர்?"

"பியர் செவ்வாய்க்கிழமை தானே வருது? செவ்வாய்க்கிழமையில ஆரும் புதுசு தொடங்குவினமோ? பஞ்சாங்கத்தைப் பார்த்தன். வெள்ளிக்கிழமை காலமை நல்ல நேரம். சந்தனம் வைச்சு மாட்டினனான்."

"உள்ளுக்கு இருக்கிறது பழைய பியர் எல்லே!"

"அதுக்கென்ன? வீட்டுக்குப் பால் காய்ச்சேக்க கட்டில் அலுமாரியெல்லாம் ஏத்திப்போட்டே காய்ச்சிறனாங்கள்? நல்ல நேரத்தில பாலைக் காய்ச்சினாப் போதும். சாமான் பிறகு வரும்."

பிள்ளைகளே, முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சரியான பதில்களில் அது ஒன்று. என்ன குறையென்றால், அதைக் கவுன்சில்காரரிடம் சொல்லமுடியாது.

என் நிலைமையைப் பாருங்கள். ரொனுக்கு வருத்தம், நோய் ஒன்றும் இல்லை என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. ஆனால் அந்த ஆதாரமே நான் பிழையான பலகை மாட்டி வியாபாரம் செய்தேன் என்பதற்கும் ஆதாரம். ஏரியா மனேஜர் வரும் நேரத்தில், மோர்டன் முழுவதற்கும் கேட்கும் வாய் உள்ள மனிதரிடம் அதைச் சொல்லவேண்டும். அதோடு, சொன்னால் அவர் பேரும் போகும். நாலு தலைமுறைப் பியர் வரலாற்றை விரல் நுனியில் வைத்திருந்தவர், தன் சொந்தப் பியரையே தண்ணி என்றாரே என்று பப் முழுவதும் சிரிக்கும்.

ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்றதையும் மீறிக் கார்த்திக்கிடம் எல்லாம் சொல்லி யோசனை கேட்டேன். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி உண்டு.

"சொல்லாதீங்க, அங்கிள். நாளைக்கு நிஜமாவே மூணு புள்ளி நாலு வந்துடும். அவரு அதைக் குடிப்பாரு, ஸ்டெடியா நடப்பாரு, உடம்பு தானா சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாரு. நம்ம மேலயும் கேஸ் வராது. ராத்திரியோட ராத்திரியா சாஃப்ட்வேருக்கு பேட்ச் போட்ட மாதிரி, யூசருக்குத் தெரியவே தெரியாது."

நல்ல யோசனை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்திருந்தது. அவசரப்படாதே, பொறு, தானாகச் சரிவரும் என்று சொல்லும் யோசனை எல்லோருக்கும் பிடிக்கும். பழைய பலகையைத் தேடினேன். சரோ அதைக் கழற்றியதும் நல்ல மரம் என்று அளவாக அறுத்துக் கறிச்சட்டிக்குக் கீழே வைக்கும் பலகையாக்கியிருந்தாள். அன்று பிட்டர் முடிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஏரியா மனேஜர் வந்து சன்னலடியில் தேத்தண்ணியோடு இருந்தார். சுறுசுறுப்பான பெண், சிரிக்கக் காசு கேட்பவர். லொறிக்காரர் புதுப் பீப்பாய்களை இறக்கிவிட்டுப் போனார். புதுப் பியர் தெளிவதற்கு ஒருநாள் வேண்டும், அதைத் தொடமுடியாது. டார்ட்ஸ் அணி முழுவதும் வந்துவிட்டது. பிட்டர் இல்லை என்று நான் இரண்டாவது நாளாகச் சொல்ல வாய் திறப்பதற்குள், கவுண்டரில் நின்ற சரோ தாராளமாக ஊற்றத் தொடங்கிவிட்டாள். அவளிடம் சொல்ல மறந்திருந்தேன். மனேஜரின் கண்ணுக்கு நேரே, பிழையான பலகைக்குக் கீழே, பழைய பியர் நுரைத்துக்கொண்டு வந்தது.

ரொன் ஒரு கிளாசை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"என்ரை பூட்டன் குடிச்ச மைல்ட் ஒரு குதிரையை விழுத்தும்," என்று தொடங்கினார். எல்லோரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பாட்டா வந்தார், யுத்தம் வந்தது, ஸ்டவுட்டின் வீழ்ச்சி வந்தது, அப்பாவின் ஐ.பி.ஏ. வந்தது. "இப்ப என்ரை முறை. எனக்கு வந்திருக்கிறது இது. இந்தத் தண்ணிக்கு முன்னால நான் தலைவரா இருக்கமாட்டன்." கைதட்டினார்கள். மனேஜர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ரொன் தன் சட்டைப் பையிலிருந்து டார்ட்ஸ் கூட்டை எடுத்தார். அந்த டார்ட்ஸை இன்னொருவர் தொட்டு நான் கண்டதில்லை. அதைக் கார்த்திக்கின் கையில் வைத்து, "இனி நீர் பார்த்துக்கொள்ளும்," என்றார். வைத்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்களுக்கு அது கோபமாகத் தெரிந்திருக்கும். கார்த்திக்குக்கு விஷயம் தெரியும். யூசருக்குத் தெரியாது என்று சொன்ன பிள்ளை, கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்கமுடியவில்லை.

நான் கவுண்டருக்கு மேலே தொங்கும் மணியை அடித்தேன். அது பப் மூடப்போகிறது, கடைசியாகக் குடிக்கிறவர்கள் வாருங்கள் என்பதற்கு அடிக்கும் மணி. பாதிப்பேர் பழக்கதோஷத்தில் கிளாசோடு ஓடிவந்துவிட்டார்கள். அவர்களைத் திருப்பி இருத்திவிட்டுப் பேசினேன்.

"ரொன் சொன்னது சரி. இந்தப் பலகையும் இந்தப் பியரும் ஒத்துவரேல்லை. உங்கள் எல்லாருக்குள்ளயும் அதை வெள்ளிக்கிழமையே கண்டுபிடிச்சது அவர் ஒராள்தான். பலகை பிழை. மாட்டினது நாங்கள். நீங்கள் இவ்வளவு நாளும் குடிச்சது, இப்பவும் கையில வைச்சிருக்கிறது, பழைய நாலு புள்ளி ஒண்டு."

நான் பொய் சொல்லவில்லை. எந்தப் பக்கமாக ஒத்துவரவில்லை என்பதை மட்டும் யாரும் யோசிக்க நேரம் கொடுக்கவில்லை.

எல்லோரும் தங்கள் கிளாசைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர், "நானும் நினைச்சனான்," என்றார். இன்னொருவர் தனக்கு சனிக்கிழமையே தெரியும் என்றார். அந்தப் பியரைத் தண்ணி என்று ரொனோடு சேர்ந்து கத்திய அத்தனை பேருக்கும் அது தண்ணி இல்லை என்று முதலிலேயே தெரிந்திருந்தது. ரொனின் முதுகில் தட்டினார்கள். நாக்கென்றால் இதுவல்லவா நாக்கு என்றார்கள். அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

மனேஜர் எழுந்து கவுண்டருக்கு வந்து, ஏன் இப்படி நடந்தது என்று கேட்டார். சரோ முந்திக்கொண்டு பால் காய்ச்சும் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, பலகையை இப்போதே கழற்றுங்கள் என்றார். சரோ மணிக்கூட்டைப் பார்த்து, இப்போது ராகுகாலம், நாலரைக்குப் பிறகு கழற்றலாம் என்றாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கார்த்திக் போய்ப் பலகைக்கு மேல் ஒரு துடைக்கும் துணியைப் போர்த்தி, பியரின் சரியான சதவீதத்தை ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்தார். இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. குத்தகை எனக்குக் கிடைத்தது, ஒரு கடும் எச்சரிக்கையோடு. பிழையை அவரே கண்டுபிடிக்க விட்டிருந்தால் கிடைத்திருக்காது என்று பிறகு அவரே சொன்னார். நீங்கள் பிழைவிடுவீர்கள்; விட்டால் மணியை முதலில் நீங்களே அடித்துவிடுங்கள்.

ஆனால் என் கவனம் குத்தகையில் இல்லை. ரொன் கவுண்டரின் மூலைக்கு வந்து என் பக்கம் குனிந்தார்.

"அப்ப என்ரை கால்?"

"கால் நல்ல கால், அண்ணை. நீங்கள் குடிச்சது கூடிப்போச்சுது."

"கை?"

"கையும் அதுதான்."

அவர் தன் உயரக் கதிரையில் ஏறி உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரிக்கத் தொடங்கினேன்; பிறகு நிறுத்தினேன். சரோ ஒரு துவாயை அவர் முன்னால் வைத்துவிட்டு, காணாதவள் போல அப்பால் போய்க் கிளாஸ் கழுவினாள்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "நாளைக்கு எனக்குத் தந்த நேரம் வேற ஆருக்கும் உதவும்," என்று சொல்லி டொக்டரின் அலுவலகத்தை அழைத்தார். காது கொஞ்சம் மந்தமென்பதால் ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டரில் வைத்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, உங்களுக்கு முன்னால் பலர் காத்திருக்கிறார்கள் என்றது போன். பிறகு பியானோ வாசித்தது. மெல்ல மெல்ல பப் முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டது. டார்ட்ஸ் எறிந்தவர்கள் எறிவதை நிறுத்தினார்கள். மனேஜரும் கைப்பையைத் தோளில் போட்டபடி போகாமல் நின்றார். எல்லோரும் அந்தப் பியானோவைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஒரு இளம்பெண்ணின் குரல் வந்தது. ரொன் தன் பெயரைச் சொல்லி, நாளைய நேரத்தை ரத்துச் செய்யவேண்டும் என்றார். என்ன காரணமென்று பதிந்துகொள்ளலாமா என்று அவள் கேட்டாள்.

ரொன் கதிரையிலிருந்து இறங்கினார். கவுண்டரைப் பிடிக்காமல் நேராக நின்றார்.

"எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லை, பிள்ளை," என்றார், பஸ்சில் தரிப்பிடத்தின் பெயர் சொல்லும் குரலில். "நான் குடிவெறியில நிண்டனான். அவ்வளவுதான்."

அவள் அதை அப்படியே பதிந்துகொள்ளும் விசைப்பலகைச் சத்தம் போனில் கேட்டது.

"கேக்க நல்ல சந்தோஷமா இருக்கு, ஐயா," என்றாள் அந்தப் பெண்.